மாடு படுத்திருக்கும் றோட்டில் ஓட்டுவது எப்படி, அடித்துவிட்டால் செய்வது என்ன

மாரி தொடங்கி வயல் விதைத்து முடிந்தால், வன்னியில் மாடுகளுக்கு மிஞ்சுகிற காய்ந்த தரை தார் றோட்டுத்தான். காலபோக (பெரும்போக நெற்செய்கை) கூட்டத்தில் நாள் குறித்து, அதற்குள் மாடுகளை வயல்வெளியை விட்டு அப்புறப்படுத்தச் சொல்வார்கள். எங்கே கொண்டுபோய் விடுவது என்பதற்குத்தான் பதில் இல்லை. முன்பு மேய்ச்சல் தரையாகக் கிடந்த வெளிகள் பல இடங்களில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் போய்விட்டன, சில இடங்களில் குடிமனையாகிவிட்டன. மாடு அடைக்கிற பட்டி சேறாகிக் கிடக்கும். நுளம்பும் இலையானும் நித்திரை கொள்ள விடாது. வெயில் குடித்த தார் இரவிலும் சூடு வைத்திருக்கும், காற்றும் அடிக்கும். மாடு அதில் வந்து படுக்கிறது. படுத்தால் இலேசில் எழும்பாது.

நான் பால் எடுக்கிற பட்டா (சின்ன லொறி) ஓட்டுகிறேன். விசுவமடு, தருமபுரம், முரசுமோட்டைப் பக்கத்துப் பட்டிகளில் விடிய முதல் பால் ஏற்றி, பரந்தனால் திரும்பிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோவது என் வேலை. மாடு அடித்த ஓட்டுநர்களையும் தெரியும், அடிபட்ட மாட்டின் சொந்தக்காரரையும் தெரியும். ஒரு பக்கத்தில் முன்கண்ணாடி நொறுங்கி முகம் கிழிந்தவர்கள். மற்றப் பக்கத்தில் அந்த ஒரு பசுவின் பாலை விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்கிற அம்மா. இரண்டு பக்கமும் எங்கள் சனம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாணியைப் பாருங்கள்

வன்னி றோட்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆபத்தானதல்ல. மாடு படுக்கிற இடம் அநேகமாக மாறாது. பகலில் போகும்போது தாரின் மேல் சாணி எங்கே அடர்த்தியாகக் கிடக்கிறது என்று பாருங்கள். ரயர் ஏறித் தட்டையாகிக் காய்ந்த சாணியும், அதன் மேலேயே புதுச் சாணியும் கிடந்தால் அது மாடுகளின் படுக்கை. அன்றிரவும் அங்கேதான் வரும். மதகடிகள், பஸ் தரிப்பிடங்கள், வயலைவிட றோட்டு உயரமாகப் போகிற துண்டுகள் இதற்குப் பேர்போனவை. பரந்தன்-முல்லைத்தீவு ஏ35 வீதியில் பரந்தன் தாண்டியவுடன் முரசுமோட்டை வயல்வெளி இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டி நிற்கும் காலத்தில், றோட்டைத் தவிர மாட்டுக்குப் போக்கிடமே இல்லை.

காட்டுத் துண்டுகளில் நிலைமை வேறு. ஏ9இல் ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில், மாங்குளத்திலிருந்து முறிகண்டி வரை, மாங்குளத்தால் ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு ஊடாக ஒட்டுசுட்டான் போகிற வீதியில், பற்றைக்குள் மேய்கிற மாடு திடீரென்று வெளியே வரும். பட்டணத்து மாடு வாகனத்துக்குப் பழகியது, நகராமல் நிற்கும். காட்டுப் பட்டி மாடு பழகாதது, வெருண்டு பாயும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விபத்து குறையும்.

கோடையில் மாடு றோட்டில் படுப்பது குறைவு. ஆனால் குளங்கள் வற்றும்போது, தண்ணீருக்குப் போகிற நேரமும் பட்டிக்குத் திரும்புகிற நேரமும் கூட்டம் கூட்டமாகக் கடக்கும். பொழுது படுகிற அந்த அரை மணித்தியாலம் மிகவும் மோசம். லைற் போட்டாலும் வெளிச்சம் பிடிக்காது, போடாவிட்டாலும் கண் தெரியாது.

வெளிச்சத்துக்குள் நிற்க முடிகிற வேகம்

ஊருக்கு வெளியே காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மணிக்கு 70 கிலோமீற்றர், முச்சக்கரவண்டிக்கு 40 என்று வரம்பு இருக்கிறது. பகலில், காய்ந்த றோட்டில் அது சரி. இரவில் உங்கள் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் லைற். பதிந்த (கீழே இறக்கிய) லைற்றில் கறுத்த மாடு ஒன்று 40, 50 மீற்றருக்குள்தான் கண்ணில் படும், லைற் கண்ணாடி சேறு பிடித்திருந்தால் அதுவும் இல்லை. இப்போது கணக்கைப் பாருங்கள். 50இல் போகிற கார், கண்டு பிறேக் மிதித்து நிற்க ஏறக்குறைய 35 மீற்றர் வேண்டும். 70இல் 55 மீற்றர். 90இல் 80 மீற்றருக்கு மேல். இது காய்ந்த றோட்டுக்கு, நல்ல ரயருக்கு, நித்திரைத் தூக்கம் இல்லாத ஓட்டுநருக்கு. மழையில் 70இல் போனால் 75 மீற்றர் போனாலும் போகும். அதாவது பதிந்த லைற்றுடன் 70இல் போகிறவர் மாட்டைக் கண்ட பிறகு நிற்கவே முடியாது. மாரிகால இரவில் 50 தாண்டாதீர்கள். சாணித் துண்டுகளில் 40.

எதிரே வண்டி இல்லாத நேரமெல்லாம் லைற்றை உயர்த்தியே ஓட்டுங்கள். எதிரே வருகிறவர் கடந்துபோகிற கணத்தில் கண் கூசி, பிறகு ஒன்றிரண்டு விநாடி ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த மாட்டு விபத்துகளில் கனக்க அந்தக் கணத்தில் நடந்தவை. எதிரே லைற் தெரியத் தொடங்கியவுடனேயே காலை எடுங்கள், அவரைப் பார்க்காமல் றோட்டின் இடப்பக்கக் கரையைப் பாருங்கள். எதிரே வருகிறவர் லைற்றை வெட்டிக் காட்டினால் முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். மாடோ யானையோ நிற்கலாம்.

மாட்டின் கண் மின்னும், கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நம்ப வேண்டாம். உங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்து அசைபோடுகிற மாட்டில் மின்ன எதுவும் இல்லை. எருமை இன்னும் மோசம், தோலும் றோட்டும் ஒரே நிறம். தூரத்தில் றோட்டின் வெள்ளைக்கோடு ஓரிடத்தில் அறுந்து தெரிந்தால், எதிரே வருகிற லைற் ஒன்று ஒரு கணம் மறைந்து திரும்பத் தெரிந்தால், இடையில் ஏதோ நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு பிறேக்கில் காலை வையுங்கள்.

கண்டுவிட்டால்

மாடு முன்னுக்குத்தான் போகும், பின்னுக்கு வராது. ஆகவே கடக்கிற மாட்டைத் தாண்ட வேண்டி வந்தால் வால் பக்கத்தால் போங்கள், தலைப் பக்கத்தால் ஒருபோதும் வேண்டாம். ஒரு மாடு கடந்தால் அதன் பின்னால் கன்று வரும் என்று நினைத்தே நில்லுங்கள். தாய் அந்தப் பக்கம், கன்று இந்தப் பக்கம் என்றால் கன்று கட்டாயம் பாயும். ஆடு அதைவிடக் கெட்டி: முதல் மறி குதித்தால் மிச்சமெல்லாம் யோசிக்காமல் குதிக்கும்.

ஹோன் அடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூரத்தில் வைத்துச் சின்னதாக ஒன்றிரண்டு முறை தட்டலாம். கிட்டப் போய் நீட்டி அடித்தால் படுத்திருக்கிற மாடு வெருண்டு எழும்பி எந்தப் பக்கம் பாயும் என்று அதுக்கே தெரியாது. லைற்றைப் பதித்து, நடக்கிற வேகத்துக்கு வந்து, கதவுக் கண்ணாடியை இறக்கி வாயால் ‘ஹே, ஹே’ என்று குரல் கொடுங்கள். மேய்ப்பவரின் குரலுக்குப் பழகிய மாடு ஹோனைவிட அதற்கு நன்றாக அசைந்து கொடுக்கும். பின்னால் பஸ் வந்தால் நாலு சிக்னலையும் போட்டுவிடுங்கள், அவர் உங்களை முந்தப் பார்ப்பார்.

இனி நிற்க முடியாது, மோதப் போகிறது என்ற நிலை. இங்கே ஒன்றைத் திடமாகச் சொல்கிறேன்: திருப்பாதீர்கள். காலை அழுத்தி, ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்து, முடிந்தளவு வேகத்தைக் குறையுங்கள். வெட்டித் திருப்பினால் எதிரே வருகிற லொறி, இல்லாவிட்டால் மரம், அதுவும் இல்லாவிட்டால் மதகுக்குள் புரள்வது. மாட்டில் 30இல் மோதுவதும் 60இல் மோதுவதும் ஒன்றல்ல. காரின் பம்பர் மாட்டின் காலைத்தான் அடிக்கும். உடம்பு பொனட்டுக்கு மேலால் உருண்டு முன்கண்ணாடிக்குள் வரும். குறைக்கிற ஒவ்வொரு கிலோமீற்றரும் உங்கள் முகத்துக்கும் அந்த உடம்புக்கும் இடையில் இருக்கிற தூரம். சீற் பெல்ற் போட்டிருக்க வேண்டும், முன்சீற்றில் பிள்ளையை மடியில் வைத்திருக்கக் கூடாது. ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் பெடல் காலுக்குக் கீழே துடிக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் சாகிறார்கள். வண்டியைச் சரிக்காமல் நிமிர்த்தி வைத்து இரண்டு பிறேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள், பின் பிறேக்கை மட்டும் மிதித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போய் மாட்டின் காலடியில் நிற்கும். கண் போன பக்கம் வண்டி போகும். மாட்டையே பார்த்தால் மாட்டில்தான் முடியும், அதன் வால் பக்கத்து இடைவெளியைப் பாருங்கள். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியை மாற்றுங்கள். எதிர் லைற்றில் அந்தக் கீறலெல்லாம் வெள்ளைக் கோடாகி மாட்டை மறைக்கும்.

அடித்த பிறகு ஓடாதீர்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன். மாடு அடித்தவர்களில் பலர் நிற்காமல் போகிறார்கள். சனம் கூடி அடிக்கும் என்ற பயம், நட்டஈடு கேட்பார்கள் என்ற பயம். அவர்கள் விட்டுவிட்டுப் போகிற மாடு றோட்டின் நடுவில், இருட்டில், உயிர் போயோ போகாமலோ கிடக்கும். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் வேலை முடிந்து இரவு வீட்டுக்கு வரும்போது, ஏதோ லொறி அடித்துவிட்டுப் போன நாம்பனில் (இளங்காளையில்) மோட்டார் சைக்கிளை ஏற்றினான். நாம்பன் அவன் வருவதற்கு முன்பே செத்திருந்தது. அந்த லொறிக்காரர் நின்று இரண்டு குழை (இலையோடு கொப்பு) முறித்து அடையாளமாகப் போட்டிருந்தால் அவன் இன்று உயிரோடு இருப்பான். மோதினதைக் குற்றமாக நான் சொல்லவில்லை, மாரியில் அது யாருக்கும் நடக்கலாம். விட்டுவிட்டுப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி விபத்து நடந்தால் ஓட்டுநர் நிற்க வேண்டும், கேட்டால் தன் விபரம் கொடுக்க வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். மாடுதானே என்று போய்விட முடியாது.

நின்றவுடன் முதலில் வண்டிக்குள் இருப்பவர்களைப் பாருங்கள். ஆளுக்குக் காயம் என்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. பொலிசுக்கு 119. இடம் சொல்லும்போது கிலோமீற்றர்க் கல்லையோ கிட்ட இருக்கிற மதகு, கோயில், பள்ளிக்கூடத்தையோ சொல்லுங்கள். ‘மாங்குளம் தாண்டி காட்டுக்குள்ள’ என்றால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நாலு சிக்னலையும் போட்டுவிட்டு, றோட்டுக்கரையில் குழை முறித்து இரண்டு பக்கமும் போடுங்கள். மாட்டுக்குப் பக்கத்தில் போட்டுப் பிரயோசனம் இல்லை, 60, 70 எட்டு நடந்து, தள்ளிப் போட வேண்டும். கல்லு வைக்காதீர்கள். காலையில் எடுக்க மறந்த கல்லு அடுத்த விபத்து. கூட ஆள் இருந்தால் ஒருவர் போன் லைற்றைக் கீழே பிடித்து ஆட்டிக்கொண்டு குழைக்கு அப்பால் நிற்கட்டும், றோட்டில் அல்ல, கரையில். குழை முறிக்கப் பற்றைக்குள் ஆழமாகப் போகாதீர்கள். அடிபட்ட மாடு காட்டுக்குள் ஓடினாலும் இருட்டில் பின்னால் போக வேண்டாம். மிதிவெடிக்கான சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கிற இடமென்றால் பகலிலும் ஓர் அடி இறங்கக் கூடாது.

மாடு உயிரோடு கிடந்தால் தலைப் பக்கத்தாலும் கால் பக்கத்தாலும் கிட்டப் போகாதீர்கள். கொம்பும் உதையும் வலியில் இன்னும் பலமாக வரும். முதுகுப் பக்கத்தால் மெல்லப் பேசிக்கொண்டு போங்கள். பக்கவாட்டில் நீட்டிக் கிடந்தால், ஆள் பலம் இருந்து மாடும் இடம் கொடுத்தால், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, முதுகுக்கு உரப்பையோ மண்மூட்டையோ அண்டை கொடுங்கள். அசைபோடுகிற பிராணி சரிந்தே கிடந்தால் வயிறு ஊதி மூச்சு முட்டும். அடிபட்ட இடத்தைவிட இது கெதியாகக் கொல்லும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போகும். இரத்தம் ஓடினால் சறத்தையோ துவாயையோ மடித்து அழுத்திப் பிடியுங்கள். காலில் கயிறு கட்டி இழுத்து அகற்றுவது உயிருள்ள மாட்டுக்குச் செய்யக்கூடிய வேலை இல்லை. ஆள் சேர்த்து, படங்கை (தார்ப்பாயை) அடியில் செருகி, படங்கோடு இழுங்கள். பிரதேசத்து அரச கால்நடை வைத்தியருக்குச் சொல்லி அனுப்புங்கள். எழும்புமா எழும்பாதா என்று சொல்ல வேண்டியவர் அவர், கூடி நிற்கிறவர்கள் அல்ல.

கன்று கூட நின்றால் அதை முதலில் பிடித்துக் கட்டுங்கள். எத்தனை முறை விரட்டினாலும் தாயிடம் றோட்டுக்கே திரும்பி வரும்.

சொந்தக்காரரோடு பேசுவது

மாட்டின் தொடையில் சுட்ட குறி இருக்கும், சிலவற்றுக்குக் காதில் இலக்கத் தோடு. இரண்டையும், மாடு கிடந்த இடத்தையும், வண்டியின் சேதத்தையும், பிறேக் பிடித்த அடையாளத்தையும் எதையும் அசைக்க முதல் படம் எடுத்துவையுங்கள். குறியைப் பார்த்து யாருடைய பட்டி என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். கிராம சேவையாளருக்கும் ஒரு சொல் சொல்லிவைப்பது நல்லது.

சொந்தக்காரர் வந்ததும் சண்டைக்கு வருகிற மாதிரித்தான் தெரியும். அது கோபமல்ல, பதைப்பு. நீங்கள் முதலில் பேசுங்கள்: ‘அம்மா, என்ர வண்டிதான் பட்டது. நான் ஓடேல்லை, இஞ்சதான் நிக்கிறன். டொக்டருக்கும் பொலிசுக்கும் சொல்லியாச்சு.’ இந்த மூன்று வசனத்தோடு சத்தம் இறங்குவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ‘ஏன் மாட்டை அவிட்டு விட்டனீங்கள்?’ என்று தொடங்கினால் விடியும்வரை முடியாது. அது கேட்கக்கூடாத கேள்வி அல்ல. கட்டாக்காலியாக விட்ட மாடுகளைப் பிடித்து அடைத்துத் தண்டம் அறவிடப் பிரதேச சபைக்கு அதிகாரம் உண்டு, சொந்தக்காரருக்கும் பொறுப்பு உண்டு. அதைப் பொலிஸ் நிலையத்தில் இருந்து பேசலாம், இரத்தத்துக்குப் பக்கத்தில் நின்று பேச வேண்டாம்.

அந்த இடத்திலேயே காசு எண்ணிக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நாளைக்கு வேறொருவர் வந்து மாடு தன்னுடையது என்பார். முறைப்பாடு பதியட்டும், கால்நடை வைத்தியர் மாட்டின் நிலையைச் சொல்லட்டும், பிறகு இரண்டு பக்கமும் இணங்கி எழுதிக் கையெழுத்து வையுங்கள். பேசும்போது பால் மாடா, வற்றுமாடா, சினையா என்று கேளுங்கள். நாட்டு மாடு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லீற்றர்தான் தரும். ஆனால் ஆண் துணை இல்லாமல் நடக்கிற ஒரு வீட்டில், போருக்குப் பிறகு வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஒரே பசு என்றால், அந்த ஒன்றிரண்டு லீற்றர்தான் கடைக் கொப்பியில் கடன் அடைப்பது. சட்டப்படி உங்களில் பிழை இல்லாவிட்டாலும் முடிந்ததைக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

காப்புறுதி தேட் பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்புறுதி என்றால் வண்டியை அசைக்க முதல் அந்த இடத்தில் நின்றே கம்பனிக்கு அழைத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். வீட்டுக்குப் போய் அடுத்த நாள் சொன்னால் இழுபடும்.

செத்த மாட்டை ‘தாருங்கோ, நாங்கள் கொண்டுபோறம்’ என்று யாரும் கேட்டால் விடாதீர்கள். மாடு ஏற்றுவதற்கு 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும், இரவில் மாட்டோடு பிடிபட்டால் களவு மாடு என்றுதான் பார்ப்பார்கள். சொந்தக்காரரும் பொலிசும் வந்து பார்த்த பிறகு ஆழக் கிடங்கு வெட்டித் தாழ்ப்பதே முறை. அடிபட்டது மான், மரை போன்ற காட்டு விலங்கு என்றால் கையே வைக்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு எடுங்கள்.

புறப்பட முதல் றேடியேற்றர் ஒழுகுகிறதா, காற்றாடி தட்டுப்படுகிறதா, முன்லைற் இரண்டும் எரிகிறதா என்று பாருங்கள். ஒரு லைற்றோடு அந்த றோட்டில் தொடர்ந்து போக வேண்டாம், விடியும்வரை கிட்ட உள்ள சந்தியில் நில்லுங்கள். போட்ட குழையைக் கையோடு எடுத்துக் கரையில் எறிந்துவிட்டுப் போங்கள்.

பட்டி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று. முழுப் பட்டியையும் கட்டிவைக்க முடியாது, எனக்குத் தெரியும். றோட்டுக்கு முதலில் இறங்குகிற முன்மாடு ஒவ்வொரு பட்டியிலும் ஒன்றிரண்டு உண்டு. அவற்றையாவது மாரி முடியும்வரை இரவில் கட்டுங்கள், மற்றவை அவை போகாமல் போகாது. கழுத்துக்கு மணியோடு சேர்த்து, லொறிகளின் பின்னால் ஒட்டுகிற ஒளி தெறிக்கும் நாடாவை ஒரு கழுத்துப் பட்டியில் சுற்றித் தைத்துப் போடுங்கள். கறுத்த மாட்டுக்கும் எருமைக்கும் முதலில். எந்தப் பக்கம் படுத்தாலும் தெரிய வேண்டும், அதனால் கழுத்தைச் சுற்றி முழு வட்டமாக நாடா வரட்டும். இரண்டு விரல் நுழைகிற இளக்கம் வையுங்கள். முடிச்சை மட்டும் மெல்லிய நூலால் போடுங்கள், காட்டுக்குள் கொப்பில் மாட்டினால் அது அறுந்து மாட்டை விட்டுவிடும்.